நிற்கும் கார் சும்மா நிற்பதில்லை



ஓய்வில் இருக்கும் பொருள், அதன் மீது புறவிசை ஒன்று செயற்படாத வரையில், ஓய்விலேயே இருக்கும் என்பது நியூட்டனின் முதல் விதி. இதை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். வீட்டு வாசலில் வாரக்கணக்கில் நிற்கும் ஒரு காரைப் பார்த்தால், இந்த விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேறு இல்லை என்றே தோன்றும். ஆனால் அந்த விதி சொல்வது பொருளின் இடத்தைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் மட்டுமே. கார் இடம் மாறவில்லை என்பது உண்மைதான். அதற்குள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்று நாம் முடிவு செய்துவிட்டால், அது பெருந்தவறு. அந்தத் தவறு எவ்வளவு கவலையில் கொண்டுபோய் விடும் என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

கொரோனா நோய்ப் பரவலைத் தடுக்க 2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. எங்கள் தெருவில், பணி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சிறிய பெட்ரோல் கார் ஒன்று வைத்திருந்தார். அதற்கு முன்பு ஞாயிறுதோறும் மனைவியுடன் அதில் வெளியூர்க் கோயில் எதற்காவது போய் வருவார். ஊரடங்கு வந்ததும் கார் கொட்டகைக்குள் நின்றுவிட்டது. ஆனாலும் அவர் அதைக் கைவிட்டுவிடவில்லை. தினமும் காலையில் துடைப்பார். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பார். கை பிரேக்கை இழுத்துவிட்டு, பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போட்டு மூடுவார். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

ஏறத்தாழ 40 நாட்கள் கழிந்தன. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவர் மனைவிக்கு நெஞ்சுவலி வந்தது. பெரியவர் காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டிக், டிக், டிக்' என்ற ஒலி மட்டுமே வந்தது. விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. எஞ்சின் அசையவே இல்லை. 108க்குத் தொலைபேசியில் சொல்லி, ஆம்புலன்ஸ் வரும் வரையில் நாங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்த அந்த 20 நிமிடங்களை என்னால் மறக்க முடியாது. நல்லவேளையாக அந்த அம்மையார் பிழைத்துக்கொண்டார்.

சில நாட்கள் கழித்துப் பெரியவர் என்னைக் கேட்டார்: "நீங்க பிசிக்ஸ் வாத்தியார்தானே, சொல்லுங்க சார். ஒரு நாள் தவறாம ஸ்டார்ட் பண்ணினேன். வேற என்ன சார் நான் செஞ்சிருக்கணும்?"

மெக்கானிக் வந்து காரைப் பார்த்தபோது நான்கு செய்திகள் தெரியவந்தன. ஒன்று, பாட்டரி இறங்கிப் போயிருந்தது. இரண்டு, எஞ்சின் ஆயில் ஊற்றும் துவாரத்தின் மூடியைத் திறந்தால் அடியில் மோர் போன்ற வெள்ளைப் பசை படிந்திருந்தது; சைலன்சர் குழாயிலிருந்து துருநீர் சொட்டியது. மூன்று, காரைத் தள்ளிப் பார்த்தபோது பின்சக்கரங்கள் உருள மறுத்தன. நான்கு, ஒருவாறு சரிசெய்து ஓட்டியபோது முதல் சில கிலோமீட்டர் தூரம் டயர்கள் 'தடதட' என்று அதிர்ந்தன.

இந்த நான்கிற்கும் காரணம் உங்கள் இயற்பியல், வேதியியல் பாடப் புத்தகங்களிலேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாட்டரியின் வரவு செலவு

காரில் இருக்கும் பாட்டரி காரீய-அமிலச் சேமக்கலம் ஆகும். பிரெஞ்சு இயற்பியலறிஞர் காஸ்டன் பிளாண்டே 1859ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். இதில் ஆறு கலங்கள் தொடராக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கலமும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழு மின்னேற்றம் பெற்ற பாட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். நேர்மின் தகட்டில் காரீய டை ஆக்சைடும், எதிர்மின் தகட்டில் கடற்பஞ்சு போன்ற காரீயமும் உள்ளன. இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்ந்திருக்கின்றன. மின்னோட்டம் எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் செலவாகி நீர் உண்டாகிறது. மின்னேற்றும்போது இது அப்படியே தலைகீழாக நிகழ்கிறது. முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 1.27 ஆக இருக்கும் அமிலத்தின் ஒப்படர்த்தி, மின்னிறக்கத்தில் 1.12 அளவுக்குக் குறைவது இதனால்தான்.

கார் நிற்கும்போது பாட்டரிக்கு என்ன செலவு என்று நீங்கள் கேட்கலாம். இன்றைய கார் பூட்டப்பட்ட பிறகும் முழுமையாக உறங்குவதில்லை. கடிகாரம் ஓடுகிறது. திருட்டு எச்சரிக்கைக் கருவி விழித்திருக்கிறது. சாவியிலிருந்து வரும் ரேடியோ அலைக்காக ஓர் ஏற்பி காத்திருக்கிறது. எஞ்சினை இயக்கும் சிறு கணிப்பொறி தன் நினைவைக் காத்துக்கொள்கிறது. இவை எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். இது மிகச் சிறிய மின்னோட்டம்தான். ஆனால் ஒரு நாளில் 24 மணி நேரம் இருக்கிறதே! 0.03 ஆம்பியரை 24 மணியால் பெருக்கினால் 0.72 ஆம்பியர்-மணி. இது அன்றாடச் செலவு.

இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் செலவைப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் வீதம் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால் 300 கூலும். இதை 3600ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.08 ஆம்பியர்-மணி. மின்னோட்டம் மிகப் பெரிது. நேரம் மிகக் குறைவு. ஆகவே மொத்தச் செலவு சிறிதாகவே இருக்கிறது. வியப்பாக இல்லையா? நின்றுகொண்டிருக்கும் ஒரு நாளின் செலவு, ஒரு முறை ஸ்டார்ட் செய்யும் செலவைப் போல ஒன்பது மடங்கு!

இனி வரவு. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி பாட்டரிக்கு மின்னேற்றம் செய்கிறது. நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது பாட்டரிக்குச் சராசரியாக 5 ஆம்பியர் கிடைக்கிறது என்று கொள்வோம். இரண்டு நிமிடத்தில் 0.17 ஆம்பியர்-மணி.

பெரியவரின் ஒரு நாள் கணக்கு இதோ:

செலவு: 0.72 + 0.08 = 0.80 ஆம்பியர்-மணி
வரவு: 0.17 ஆம்பியர்-மணி
பற்றாக்குறை: 0.63 ஆம்பியர்-மணி

நாற்பது நாளில் இந்தப் பற்றாக்குறை 25 ஆம்பியர்-மணியைத் தாண்டுகிறது. சிறிய காரின் பாட்டரி கொள்ளும் அளவே 35 ஆம்பியர்-மணிதான். இதில் பாட்டரி தானாகவே இழக்கும் மின்னேற்றத்தை நாம் சேர்க்கவில்லை. எதனுடனும் இணைக்காமல் வைத்தாலும், உள்ளே நிகழும் வேதிவினைகளால் பாட்டரி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் இந்த இழப்பு இன்னும் விரைவாக நிகழும். வெப்பநிலை உயர உயர வேதிவினைகளின் வேகம் கூடும் அல்லவா?

அப்படியானால், மீதியிருக்கும் 10 ஆம்பியர்-மணி ஒரு முறை ஸ்டார்ட் செய்யத் தாராளமாகப் போதுமே, ஏன் முடியவில்லை? இங்கேதான் அகமின்தடை குறுக்கிடுகிறது. நல்ல பாட்டரியின் அகமின்தடை 0.01 ஓம் என்றால், 150 ஆம்பியர் பாயும்போது உள்ளேயே இழக்கப்படுவது 1.5 வோல்ட். மீதி 11 வோல்ட் மோட்டாருக்குக் கிடைக்கும். இறங்கிய பாட்டரியில் அமிலம் நீர்த்துப் போயிருக்கிறது. தகடுகளை மூடியிருக்கும் காரீய சல்பேட் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. அகமின்தடை 0.04 ஓம் ஆகிவிட்டால் இழப்பு 6 வோல்ட். மோட்டாருக்குக் கிடைப்பது பாதிதான்.

அந்த 'டிக், டிக்' ஒலியின் மர்மமும் இதுவே. சாவியைத் திருப்பியதும் ஒரு மின்காந்தம் இழுத்து மோட்டாருக்கு இணைப்புத் தருகிறது. பெருமின்னோட்டம் பாய்ந்ததும் மின்னழுத்தம் விழுகிறது. மின்காந்தம் வலுவிழந்து இணைப்பை விட்டுவிடுகிறது. உடனே மின்னழுத்தம் எழுகிறது. மின்காந்தம் மீண்டும் இழுக்கிறது. மின்சார மணியில் சுத்தி அடித்து அடித்து மீள்வதைப் போன்றதே இது.

இன்னொரு தீமையும் உண்டு. பாட்டரியை இறங்கிய நிலையிலேயே விட்டுவைத்தால் காரீய சல்பேட் பெரிய, கடினமான படிகங்களாக மாறிவிடும். பிறகு மின்னேற்றினாலும் அவை கரைந்து மீள்வதில்லை. அந்த அளவுக்குப் பாட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். பெரியவர் புதுப் பாட்டரி வாங்க நேர்ந்தது இதனால்தான்.

பெட்ரோலிலிருந்து தண்ணீர்

இரண்டாவது செய்திக்கு வருவோம். கோடைக் காலம், மழையில்லை, கொட்டகைக்குள் நிற்கும் கார். சைலன்சருக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பெட்ரோலிலிருந்தே வந்தது! பெட்ரோல், கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களின் கலவை. எரியும்போது கார்பன், கார்பன் டை ஆக்சைடாகிறது, ஹைட்ரஜன் நீராகிறது. ஆக்டேன் என்ற சேர்மத்தை எடுத்துக்கொண்டால், அதன் 114 கிராம் முழுவதும் எரியும்போது 162 கிராம் நீர் உண்டாகும். ஆக்சிஜன் காற்றிலிருந்து வந்து சேர்வதால்தான் எடை கூடுகிறது. இந்தக் கணக்குப்படி, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சாலையில் ஓடும் ஒவ்வொரு காரும் தான் குடித்த பெட்ரோலின் அளவுக்குத் தண்ணீரை ஆவியாக வெளியே விட்டுக்கொண்டுதான் போகிறது. குழாய் சூடாக இருப்பதால் அது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதை வேறு. சூடான நீராவி குளிர்ந்த சைலன்சர் சுவரைத் தொட்டதும் நீர்த்துளிகளாகிவிடுகிறது. கொதிக்கும் பாத்திரத்தின் மூடியில் நீர் கோப்பது போலத்தான். நீண்ட தூரம் ஓட்டினால் சைலன்சர் சூடாகி, அந்த நீர் மீண்டும் ஆவியாகி வெளியேறும். இரண்டே நிமிடத்தில் அணைத்துவிட்டால்? நீர் உள்ளேயே தங்கிவிடுகிறது.

நின்ற இடத்தில் ஓடும் சிறிய எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல் குடிப்பதாகக் கொண்டால், இரண்டு நிமிடத்தில் 25 மில்லி லிட்டர். நாற்பது நாளில் ஒரு லிட்டர். அதாவது, பெரியவர் தினமும் காட்டிய அன்பினால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் குளிர்ந்த குழாய்களுக்குள் செலுத்தப்பட்டிருக்கிறது. அதில் ஒரு பகுதி வெளியே போயிருக்கும். மீதி உள்ளேயே தங்கி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்தது. அந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருப்பதால், அதற்குச் சிறிது அமிலத் தன்மையும் உண்டு.

எரிந்த வாயுவில் ஒரு சிறு பகுதி பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களைக் கடந்து, கீழே ஆயில் இருக்கும் அறைக்குள்ளும் புகுந்துவிடும். அங்கும் நீராவி குளிர்ந்து நீராகி, ஆயிலுடன் கலந்து கடையப்படுகிறது. எண்ணெயும் நீரும் சேர்ந்து கடைந்தால் உண்டாவது பால்மம். மூடியின் அடியில் இருந்த வெள்ளைப் பசை இதுதான். மசகு எண்ணெயின் வேலை, உராயும் பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று உலோகம் உலோகத்தைத் தொடாமல் காப்பது. நீர் கலந்த எண்ணெய் அந்த வேலையைச் சரியாகச் செய்யாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. எஞ்சின் நின்றபின் ஆயில் மெல்ல வடிந்து அடித்தொட்டிக்குப் போய்விடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பம்பு அதை மேலே ஏற்றும் வரையில், முதல் சில கணங்கள் உறுப்புகள் போதிய எண்ணெய் இன்றி உராய்கின்றன. ஆகவே, வீணாக ஸ்டார்ட் செய்யும் ஒவ்வொரு முறையும் எஞ்சினுக்குச் சிறு தேய்மானம். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை மிதித்து உறுமவிடுவது அதைவிடக் கெடுதல்.

ஆகப் பெரியவரின் இரண்டு நிமிடப் பழக்கம் பாட்டரிக்குப் பெரிதாக எதையும் தரவில்லை. எஞ்சினுக்கோ நீரைச் சேர்த்தது. அரைகுறை மருந்து நோயைத் தீர்க்காமல் பக்க விளைவை மட்டும் தருவது போல ஆயிற்று.

பிடித்துக்கொண்ட பிரேக்

மூன்றாவது செய்தி எளிதானது. கை பிரேக்கை இழுத்தால் பின்சக்கரத்தில் உள்ள பிரேக் பட்டைகள் வார்ப்பிரும்பு டிரம்மை அழுத்திப் பிடிக்கும். ஓடும் காரில் உராய்வே அந்தப் பரப்பைத் தேய்த்துத் துருவின்றி வைத்திருக்கிறது. வாரக்கணக்கில் நின்றால் ஈரக்காற்றில் டிரம் துருப்பிடித்து, அந்தத் துரு பட்டையுடன் ஒட்டிக்கொள்கிறது. கடற்கரை ஊர்களில் காற்றில் உப்பும் இருப்பதால் இது இன்னும் விரைவாக நிகழும்.

கார் பல நாள் நிற்கப் போகிறது என்றால், சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அண்டக் கொடுத்து, கை பிரேக்கைத் தளர்த்தி விடலாம். சரிவான இடத்தில் மட்டும் இதைச் செய்யக்கூடாது.

உள்ளங்கை அளவு ரப்பர்

காரின் முழு எடையையும் தரை எத்தனை பரப்பில் தாங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? காரின் எடை 900 கிலோகிராம் எனில், ஒரு சக்கரத்துக்கு 225 கிலோகிராம். டயரில் காற்று 33 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.3 கிலோகிராம். பரப்பு என்பது விசையை அழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பது. 225ஐ 2.3ஆல் வகுத்தால் 98 சதுர சென்டிமீட்டர். விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் தரையில் பதித்தால் எவ்வளவோ, அவ்வளவுதான்!

ஓடும்போது இந்த இடம் கணத்துக்குக் கணம் மாறிக்கொண்டே இருக்கிறது. நிற்கும்போது டயரின் ஒரே இடம் இரவும் பகலும் மடங்கித் தட்டையாகவே இருக்கிறது. ரப்பர், எஃகுச் சுருள்வில்லைப் போல முழு மீட்சி உடையதன்று. நீண்ட நேரம் ஒரே வடிவில் அழுத்தி வைத்தால், அந்த வடிவத்தை ஓரளவு ஏற்றுக்கொண்டுவிடும். பெரியவரின் டயர்கள் தடதடத்தது, அந்தத் தட்டைப் பகுதி சுற்றுக்கு ஒருமுறை தரையில் மோதியதால்தான். சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் அது சரியாகிவிட்டது. பல மாதங்கள் நின்றிருந்தால் சரியாகாமலே போயிருக்கக் கூடும்.

ஓட்டை எதுவும் இல்லாத டயரிலும் காற்று குறைகிறது. ரப்பரின் மூலக்கூறுகளுக்கு இடையே புகுந்து காற்று மெல்ல விரவி வெளியேறுகிறது. மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பவுண்டு குறைவது இயல்பு. ஊதிக் கட்டிய பலூன் சில நாளில் சுருங்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? காற்று குறைந்தால் டயர் மேலும் தட்டையாகும். பக்கச் சுவர் மேலும் மடங்கும். ஆகவே நீண்ட நாள் நிறுத்தும் முன் இரண்டு மூன்று பவுண்டு கூடுதலாகக் காற்று அடிப்பது வழக்கம். ஆனால் டயரின் பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது. வாரம் ஒரு முறை காரைச் சற்றுத் தள்ளி, சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி வைப்பதும் நல்லது.

சிறு குறிப்புகள் சில

பெட்ரோலும் காலத்தால் மாறும். அதன் இலேசான பகுதிகள் ஆவியாகும். மீதி காற்றுடன் வினைபுரிந்து பிசினாகும். இப்போது நம் நாட்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலந்து விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. தொட்டியில் காலி இடம் குறைவாக இருந்தால், உள்ளே இருக்கும் ஈரக்காற்றும் குறைவு. ஆதலால் ஓரிரு மாதம் நிற்கும் காரின் தொட்டி நிறைந்திருப்பது நல்லது.

பிரேக் திரவமும் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் அதன் கொதிநிலை தாழும். மலைப்பாதையில் பிரேக்கை விடாமல் அழுத்தும்போது திரவம் கொதித்து ஆவியானால் பிரேக் பிடிக்காது. ஆகவே ஓடிய தூரத்தைப் பார்க்காமல், தயாரிப்பாளர் குறித்துள்ள காலத்தைப் பார்த்தே அதை மாற்ற வேண்டும்.

பிளாஸ்டிக் உறை மழையை உள்ளே விடாது. அதே போல உள்ளே சேரும் ஈரத்தை வெளியேயும் விடாது. காற்றோட்டமுள்ள துணி உறையே ஏற்றது.

எலிகளையும் மறக்க வேண்டாம். ஓடாத எஞ்சின் அவற்றுக்கு வாடகையில்லா வீடு. கம்பிகளின் மேலுறையைக் கடித்துவிட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பார்ப்பதே சிறந்த காவல்.

உயிரைக் காக்கும் இரண்டு எச்சரிக்கைகள்

முதலாவது: மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடவே கூடாது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் இதைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு ஆக்சிஜனுக்கு அங்கே இடம் இல்லை. புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கி புதுக் கார்களில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்த வினையூக்கி நன்கு சூடான பிறகுதான் வேலை செய்யும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முதல் நிமிடங்களில்தான் நச்சு மிகுதியாக வருகிறது.

இரண்டாவது: பாட்டரியை மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் தீயோ தீப்பொறியோ கூடாது. பாட்டரி இணைப்பைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். ஏன் தெரியுமா? எதிர்முனை காரின் இரும்பு உடலுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. நேர்முனையை முதலில் கழற்ற முயலும்போது கையிலுள்ள ஸ்பானர் காரின் உடலில் பட்டுவிட்டால், பாட்டரியின் இரண்டு முனைகளும் ஸ்பானர் வழியாக நேரே இணைந்து, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். எதிர்முனையை முதலில் கழற்றிவிட்டால் சுற்று முறிந்துவிடும். பிறகு பட்டாலும் தீங்கில்லை. மீண்டும் மாட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். இந்த வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். நீங்கள் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் என்னதான் செய்வது?

பெரியவரின் கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தினமும் இரண்டு நிமிஷம் வேண்டாம் சார். வாரத்துக்கு ஒரு நாள் அரை மணிக்கு மேல ரோட்டில ஓட்டுங்க."

கணக்கைப் பாருங்கள். வாரத்தில் நிற்கும் செலவு 0.72ஐ ஏழால் பெருக்க 5.04. ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 0.08. மொத்தம் 5.12 ஆம்பியர்-மணி. சாலையில் ஓடும்போது பாட்டரிக்குச் சராசரியாக 10 ஆம்பியர் கிடைப்பதாகக் கொண்டால், இதை ஈடுசெய்ய 31 நிமிடம் ஆகும். பாட்டரி தானாக இழப்பதையும் சேர்த்து 40 நிமிடம் ஓட்டலாம். அந்த 40 நிமிடத்தில் ஆயில் நன்கு சூடாகி அதில் கலந்த நீர் ஆவியாகிறது. சைலன்சர் காய்கிறது. பிரேக்கின் துரு தேய்கிறது. டயர் உருண்டையாகிறது. ஒரே செயலில் நான்கு பயன்கள்.

அதுவும் இயலாது, ஒரு மாதத்துக்கு மேல் ஊரில் இல்லை என்றால், காரின் கையேட்டைப் பார்த்துவிட்டு எதிர்முனையைக் கழற்றி வைப்பதே மேல். கடிகாரத்தைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும், ஆனால் 0.72 ஆம்பியர்-மணி என்ற அன்றாடச் செலவு நின்றுவிடும். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வோல்ட் மானி ஒன்றும் பெரிய துணை. சில மணி நேரம் நின்ற காரின் பாட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுமை; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் உடனே மின்னேற்ற வேண்டும்.

மின்சாரக் காரிலும் இந்தத் தொல்லை முற்றிலும் இல்லாமல் போய்விடவில்லை. அதன் விளக்குகளுக்கும் கணிப்பொறிக்கும் பெரும்பாலும் ஒரு சிறிய 12 வோல்ட் பாட்டரி தனியே உண்டு. ஓட்டும் பெரிய லித்தியம் பாட்டரியை நீண்ட நாள் நிறுத்தும்போது, முழுதாகவும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல் பாதி அளவில் வைப்பது நல்லது.

எங்கள் வீட்டில் கார் இல்லையே என்று நினைக்கிறீர்களா? ஸ்கூட்டரின் பாட்டரி, மின்வெட்டு நேரத்தில் உதவும் இன்வெர்ட்டரின் பாட்டரி, கோடை விடுமுறை முழுவதும் சுவரில் சாய்ந்து நிற்கும் உங்கள் சைக்கிளின் டயர் எல்லாவற்றுக்கும் இந்த விதிகளே பொருந்தும்.

செய்து பாருங்கள்

1. உலர்ந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் குளிர்ந்த நீரை ஊற்றி, வெளிப்புறத்தை நன்கு துடையுங்கள். மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள். அடிப்பாகத்தில் ஈரப் படலம் தோன்றும். இது மெழுகு எரிந்து உண்டான நீர். தொடர்ந்து பிடித்திருந்தால், டம்ளர் சூடானதும் படலம் மறைந்துவிடும். குளிர்ந்த சைலன்சரும் சூடான சைலன்சரும் இப்போது உங்கள் கையிலேயே!

2. சைக்கிளின் பின்டயரில் கரித்தூளைத் தடவி, அதை ஒரு வரைபடத்தாளின் மீது மெதுவாக இறக்கி, நண்பர் ஒருவரை ஏறி உட்காரச் சொல்லுங்கள். பதிந்த கறையின் பரப்பைக் கட்டங்களை எண்ணிக் கண்டுபிடியுங்கள். காற்றைச் சிறிது இறக்கிவிட்டு மீண்டும் செய்யுங்கள். பரப்பு ஏன் கூடுகிறது என்பதை எழுதிப் பாருங்கள்.

உங்களில் பலருக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை. நீங்கள் காரை ஓட்டக் கூடாது. ஆனால் ஓட்டச் சொல்லலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ தூசு படியாமல், பளபளவென்று, ஆனால் நகராமல் ஒரு கார் நின்றுகொண்டிருந்தால், அதன் உரிமையாளரிடம் இந்த வரவு செலவுக் கணக்கைக் காட்டுங்கள். எங்கள் தெருப் பெரியவர் இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு புறவழிச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வருகிறார். அந்தக் கார் புறப்படும் ஒலி கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. என்றாவது ஓர் இரவு அது தேவைப்பட்டால், சாவியைத் திருப்பியவுடன் அது கிளம்பிவிடும்.